உறையாக் குருதியும் ஓயாச் சக்கரமும்

விளையாட்டு வீரர் ஒருவர் நோயுற்ற குழந்தைகளுக்கு உதவினார் என்னும் செய்தி பத்திரிகைக்கு வரும்போது, அஃது ஒரு புகைப்படத்துடனேயே வருகின்றது. மேசையளவு நீளமுள்ள அட்டைக் காசோலை ஒன்று. அதன் ஒரு முனையை வீரர் பிடித்திருப்பார். மறுமுனையை வைத்தியசாலைப் பெரியவர் ஒருவர் பிடித்திருப்பார். இருவருக்கும் நடுவே நிறுத்தப்பட்ட குழந்தை, படமெடுப்பவரைப் பாராமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். கொடுத்த கையைக் குறைகூற நமக்கு விருப்பமில்லை. கொடாதார் மலிந்த உலகில், கொடுப்பவர் ஒரு படம் எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிட்டது? ஆயினும், இந்த வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்ட வீரர் பணத்தை மட்டும் தேடிக் கொடுத்தவர் அல்லர். தம் உடம்பில் உள்ள நோயை ஊரறியச் சொல்லி, அந்நோயைக் கொண்டே குழந்தைகளுக்கு உதவ முன்வந்தவர். அவர் பெயர் அலெக்ஸ் டோசெட். இங்கிலாந்து தேசத்தவர், துவிச்சக்கர வண்டி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டிருந்தவர். சைக்கிள் மணியோசை கேளாத தெரு நமது திருகோணமலையில் இல்லை. ஆகவே, கிரிக்கெட் வீரர்களை விட்டுவிட்டுச் சைக்கிள்காரர் ஒருவரைத் தேடிப் போனதற்கு நேயர்கள் நம்மைக் கோபிக்கமாட்டார்கள்.

அவரைப் பற்றிச் சொல்லுமுன் அவருக்கு வாய்த்த நோயைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். ஈமோபீலியா என்பது அதன் பெயர். குருதி உறையா நோய் என்று தமிழில் வழங்கலாம். நம் உடலில் எங்கேனும் ஒரு காயம் பட்டால் முதலில் இரத்தம் வடிகிறது. சிறிது நேரத்தில் தானே உறைந்து வாயடைத்துக்கொள்கிறது. இந்தச் சிறிய காரியத்துக்குப் பின்னால் ஒரு பெரிய ஏற்பாடு இருக்கிறது. குருதியில் உள்ள பல புரதங்கள், ஒன்று மற்றொன்றைத் தட்டியெழுப்ப, அது அடுத்ததைத் தட்டியெழுப்ப, கடைசியில் நூல் போன்ற ஒரு வலை பின்னப்பட்டுக் காயத்தின் வாய் மூடப்படுகிறது. இப்புரதங்களுக்கு வைத்தியர்கள் எண் கொடுத்திருக்கிறார்கள். எட்டாம் எண்ணுள்ள காரணி இல்லாமலோ மிகக் குறைந்தோ பிறந்தவர்களுக்கு வருவது ஈமோபீலியா ஏ. ஒன்பதாம் எண் குறைந்தவர்களுக்கு வருவது ஈமோபீலியா பி. முன்னது, பிறக்கும் ஆண் குழந்தைகள் ஐயாயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிறது. பின்னது அதனினும் மிக அரிது.

இந்நோயுள்ள பிள்ளைக்குக் கையில் ஒரு கீறல் பட்டால் குருதி முழுவதும் ஓடிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. இவர்களுடைய குருதி மற்றவர்களுடையதைவிட வேகமாக ஓடுவதில்லை, நெடுநேரம் ஓடுகிறது, அவ்வளவே. வெளிக்காயத்தைக் கட்டுப்போட்டு அழுத்தி நிறுத்திவிடலாம். அஞ்சத்தக்கது உள்ளே வடிவது. முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூட்டுகளுக்குள் காரணமின்றியே குருதி கசியும். மூட்டு வீங்கிச் சூடேறும். பிள்ளை காலை நீட்டமாட்டாமல் அழும். ஒருமுறை கசிந்த மூட்டிலேயே மறுபடியும் மறுபடியும் கசிந்து, எலும்பின் முனையில் உள்ள மெல்லிய குருத்தெலும்பு தேய்ந்து, பன்னிரண்டு வயதில் அறுபது வயதுக் கிழவரின் முழங்கால் அமைந்துவிடும். தலையினுள்ளே கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

அரச குடும்பங்களையும் இந்நோய் விட்டுவைக்கவில்லை. விக்டோரியா மகாராணியின் புதல்வர் லியோபோல்ட் இளவரசர் 1884ஆம் ஆண்டில், பிரான்சு தேசத்துக் கான் நகரில் வழுக்கி விழுந்து, தம் முப்பதாவது வயதில் இறந்தார். அம்மகாராணியின் பேத்தி வழியாக ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஒரே மகன் அலெக்ஸிக்கும் இந்நோய் சென்றது. அது ஒன்பதாம் காரணி குறைந்த வகை என்பதை 2009ஆம் ஆண்டில், அக்குடும்பத்தாரின் எலும்புகளை ஆராய்ந்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். இத்தனைக்கும் மகாராணிக்கு நோய் இல்லை. நோயைத் தாங்கிச் செல்பவர் தாய். நோயால் வருந்துபவன் மகன். இஃது எவ்வாறு என்பதை உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் மாணவர்கள் வீட்டில் உள்ளவர்களுக்குப் படம் வரைந்து விளக்கலாம். தாய் அக்குறையைத் தாங்குபவராயின், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் தாயைப் போலவே அதனைத் தாங்குவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தந்தைக்கு நோயிருந்தால் மகன்மாருக்கு வராது. மகள்மார் யாவரும் தாங்குபவராவர். தாங்கும் பெண்களிலும் சிலருக்குக் குருதிப் பெருக்கு அதிகமாக இருப்பதுண்டு. நோயுற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கோ குடும்பத்தில் முன்பு எவருக்கும் இந்நோய் இருந்ததில்லை. கருவிலே புதிதாக நேர்ந்த மாற்றம் அது.

இந்தக் கடைசிச் செய்தியை நாம் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தாய் வழியாக வரும் நோய் என்று யாரோ அரைகுறையாகச் சொல்லிவிட்டால், நம் வீடுகளில் அடுத்த நாளே குற்றப்பத்திரிகை தயாராகிவிடுகிறது. மருமகளின் பிறந்தகத்தில் குறை. அவள் குலத்தில் குறை. பெண் பார்த்தவர்களின் கண்ணிற் குறை. பிள்ளையின் மூட்டு வீக்கத்துக்குப் பனிக்கட்டி வைப்பதைக் காட்டிலும் இவ்விசாரணை விரைவாக நடைபெறும். அப்பிள்ளைக்கு ஓர் அக்காளோ தங்கையோ இருந்தால் நிலைமை இன்னும் கடினம். அவளுடைய கலியாணப் பேச்சு முடியும்வரை தம்பியின் நோய் வெளியே தெரியக்கூடாது என்று முடிவு செய்யப்படுகிறது. பாடசாலைக்குச் சொல்வதில்லை, பல் பிடுங்கப் போகும் இடத்திலும் சொல்வதில்லை. காது குத்தும் நாளிலோ, முஸ்லிம் குடும்பமாயின் சுன்னத்து நாளிலோ, குருதி நிற்காமற் போன பிறகே பலருக்கு உண்மை தெரியவருகிறது. அதன் பின்னரும் மறைப்பவர்கள் உண்டு.

திருகோணமலை மாவட்டத்தில் சுமார் நான்கு இலட்சம் மக்கள் வாழ்கிறோம். பாதிப்பேர் ஆண்கள் என்று கொண்டு, ஐயாயிரத்துக்கு ஒருவர் என்று வகுத்துப் பார்த்தால் நாற்பது என்று விடை வருகிறது. இது வெறும் வாய்பாட்டுக் கணக்கு. இந்நோயுள்ளவர் பலர் முற்காலத்தில் நீண்டநாள் வாழாமற் போனதால் உண்மைத் தொகை இதனிற் குறைவாக இருக்கலாம். ஆயினும், துறைமுக வீதியிலும் உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் கந்தளாயிலும் குச்சவெளியிலுமாகச் சிதறிக் கிடக்கும் இந்த நாற்பது வீடுகளில், ஒரு வீட்டுக்கு மற்ற வீடு இருப்பது தெரியாது. அரிய நோயின் தனிக் கொடுமை இதுதான் என்று நாம் நினைக்கிறோம். 2004ஆம் ஆண்டில் கடல் பொங்கியபோது கிண்ணியா வைத்தியசாலையே அழிந்தது; நிலாவெளிக் கரையில் நின்ற வாடிகள் போயின. எல்லாரும் கண்டார்கள், எல்லாரும் ஓடிவந்தார்கள். நம் நாட்டுச் சுழற்பந்து வீரர் முத்தையா முரளிதரன் பத்துப் பத்து லொறிகளாக மூன்று முறை உணவுப் பொருள்களைத் தம் செலவில் ஏற்றி அனுப்பினார். அன்று சீனிகமவுக்குச் சிறிது பிந்திப் புறப்பட்டதால் அவரே உயிர் தப்பியவர். ஊருக்கெல்லாம் வந்த துன்பத்துக்கு ஊரெல்லாம் துணை நிற்கும். ஓர் ஊருக்கு ஒருவனுக்கு வந்த துன்பத்துக்கு யார் துணை? அவன் தாய் முழுநேரக் காவற்காரியாகிறாள். ஓடாதே, ஏறாதே, பந்து விளையாடாதே, சைக்கிளைத் தொடாதே. ஏகாம்பரம் மைதானத்தில் ஒத்த வயதுப் பையன்கள் விளையாட, இவன் வேலிக்கு வெளியே நிற்கிறான். இதில் தாயைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. முன்பெல்லாம் வைத்தியர்களும் அதையே சொன்னார்கள்.

நிற்க. அலெக்ஸ் டோசெட் 1988ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிறந்தவர். இங்கிலாந்தின் கீழ்க்கரையில் எசெக்ஸ் மாகாணத்தவர். ஒன்றரை வயதில், அவருக்கு எட்டாம் காரணி ஏறத்தாழ அறவே இல்லாத கடும் ஈமோபீலியா ஏ இருப்பது தெரியவந்தது. பந்தடி முதலிய முட்டி மோதும் விளையாட்டுகளுக்கு அவரை விடக்கூடாது என்பது வைத்தியர்களின் கட்டளை. ஆனால், வீட்டிற் கட்டிப்போட வேண்டும் என்பது அன்று. நீந்தக் கற்றுக்கொடுங்கள் என்றார்கள். நீரில் மூட்டுகளின் மேற் பாரம் இராது, தசைகள் வலுப்பெறும். மூட்டைச் சுற்றியுள்ள தசை வலுவாக இருந்தால் மூட்டு எளிதிற் பிறழாது. பிறழாத மூட்டிற் கசிவும் குறையும். ஆக, விளையாட்டு இவர்களுக்குக் கேடு என்று நெடுங்காலம் எண்ணியிருந்ததற்கு மாறாக, ஏற்ற விளையாட்டு மருந்தின் ஒரு பகுதி என்பது இன்றைய வைத்தியக் கொள்கை. நீச்சலும் நடையும் துவிச்சக்கர வண்டியும் அத்தகையவை. குத்துச்சண்டையும் றக்பியும் ஆகா.

சிறுவன் டோசெட் நீந்தினான். பின்னர் சைக்கிளில் ஏறினான். இரண்டு நாளைக்கு ஒருமுறை எட்டாம் காரணி மருந்தை நரம்பிற் செலுத்திக்கொள்ள வேண்டும். உட்சென்ற மருந்து சுமார் அரை நாளிற் பாதியாகக் குறைந்துவிடுவதால் இந்த ஊசிக்கு ஓய்வே இல்லை. பிறர் குத்தத் தொடங்கிய ஊசியைச் சிறுவர்கள் சில ஆண்டுகளில் தாமே குத்திக்கொள்ளக் கற்கிறார்கள். இவரும் அவ்வாறே கற்றார். 2011ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பெரிய தொழில்முறை அணியிற் சேர்ந்தார். அதே ஆண்டில் நேரப் போட்டியில் தேசிய வெற்றி வீரரானார். அப்பட்டத்தை மொத்தம் ஆறு முறை பெற்றிருக்கிறார். 2013ஆம் ஆண்டில் இத்தாலியைச் சுற்றிவரும் பெரும்போட்டியின் எட்டாம் நாள், ஏறத்தாழ ஐம்பத்தைந்து கிலோமீற்றர் தூரத்தைத் தனித்தனியாக ஓட்டவேண்டிய பந்தயத்தில், ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரட்லி விக்கின்ஸை விடப் பத்து விநாடி முந்தி முதலிடம் பெற்றார்.

இவருடைய வாழ்வில் நாம் மிகவும் விரும்பிப் படித்த பகுதி, ஒரு மணி நேரச் சாதனையைப் பற்றியது. சைக்கிள் உலகில் இதனினும் எளிய விதியுள்ள போட்டி இல்லை. வட்டப் பாதையில் ஒருவர் தனியாக ஒரு மணி நேரம் ஓட்டவேண்டும், எவ்வளவு தூரம் சென்றார் என்று அளப்பார்கள், முடிந்தது. எதிராளி இல்லை, மேடு இல்லை, இறக்கமும் இல்லை. அதனாலேயே அது கொடியது என்கிறார்கள். டோசெட் 2015ஆம் ஆண்டு பெப்ரவரி மாதக் கடைசியில் இதனை முயல இருந்தார். ஜனவரியில் பயிற்சியின்போது விழுந்து காறையெலும்பு முறிந்தது. குருதி உறையாதவனுக்கு எலும்பு முறிவு! பழைய காலமாயின் குடும்பத்தார் சுற்றி உட்கார்ந்து அழுதிருப்பார்கள். மருந்தின் துணையால் எலும்பு பொருந்தியது. மே மாதம் 2ஆம் திகதி மன்செஸ்டர் நகரில் வண்டியேறி, ஒரு மணி நேரத்தில் 52.937 கிலோமீற்றர் ஓட்டி, அதுவரை இருந்த உலகச் சாதனையை 446 மீற்றரால் முறியடித்தார். திருகோணமலை மணிக்கூட்டுக் கோபுரத்தடியிற் புறப்பட்டு ஒரு மணி நேரத்திற் கந்தளாயையும் தாண்டிப் போய்விடலாம் என்று வைத்துக்கொண்டால், அந்த வேகத்தின் அளவு நம் இளைஞர்களுக்கு விளங்கும். ஆனால் யாரும் நம் வீதிகளில் முயன்று பார்க்கவேண்டாம். ஐந்து வாரங்களில் அச்சாதனையை விக்கின்ஸ் முறியடித்துவிட்டார். அதனாலென்ன?

இவ்வளவையும் செய்துகொண்டே, தமக்கு நோயிருப்பதை அவர் ஒளிக்கவில்லை. தொழில்முறை விளையாட்டில் உடம்பிற் குறை உள்ளது என்று சொல்வது எளிதன்று. ஒப்பந்தம் எழுதும் முதலாளி ஒருமுறை தயங்குவார். அப்படியிருந்தும், ‘சின்னக் குருதிக்காரர்’ என்று நாம் விளையாட்டாகப் பெயர்த்துச் சொல்லத்தக்க, லிட்டில் பிளீடர்ஸ் என்னும் தரும அமைப்பை நிறுவினார். ஈமோபீலியா உள்ள சிறுவர்களையும் அவர்களின் பெற்றோரையும் உடற்பயிற்சியின்பாற் திருப்புவதே அதன் வேலை. மருந்து வாங்கிக் கொடுப்பதன்று. இங்கிலாந்தில் அம்மருந்தை அரசாங்கமே வழங்குகிறது. மருந்து கையில் இருந்தும் அச்சத்தால் வீட்டினுள் இருக்கும் பிள்ளையை வெளியே அழைப்பதுதான் அவ்வமைப்பின் நோக்கம். ஒரு வைத்தியர் நூறு முறை எடுத்துரைத்தாலும் நம்பாத தாய், அதே நோயுள்ள ஒருவன் இத்தாலிய மலைச்சாரலில் மணிக்கு அறுபது, எழுபது கிலோமீற்றர் வேகத்தில் இறங்குவதைத் தொலைக்காட்சியிற் கண்டால், மகனுக்கு ஒரு சிறிய சைக்கிளாவது வாங்கிக் கொடுக்கத் துணிவாள் அன்றோ?

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மெக்சிக்கோ தேசத்தில் அவர் மீண்டும் அந்த ஒரு மணி நேரத்தை முயன்றார். இம்முறை ஈமோபீலியாவைப் பற்றிய அறிவைப் பரப்பவும் அதற்கென நிதி திரட்டவுமே அம்முயற்சி என்று முன்கூட்டியே அறிவித்தார். முப்பத்து மூன்று வயது. 54.555 கிலோமீற்றர் ஓட்டினார். பழைய தம் சாதனையை ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் விஞ்சியும், அன்றிருந்த உலகச் சாதனைக்கு 534 மீற்றர் குறைந்துபோயிற்று. நிதி சேர்ந்தது, சாதனை சேரவில்லை. 2022ஆம் ஆண்டுடன் தொழில்முறைப் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார்.

விளையாட்டு வீரர் தருமம் என்றால் நம்மவர்க்குக் கிரிக்கெட்டைச் சொல்லாமல் மனம் அமையாது. ஆகையால் இரண்டு உதாரணங்களைச் சொல்கிறோம். இங்கிலாந்தின் இயன் பொத்தம் 1977ஆம் ஆண்டில் காலிற் காயம்பட்டு டோண்டன் நகர வைத்தியசாலைக்குப் போனபோது, சிறுவர் விடுதி ஒன்றினூடாக நடந்தார். நோயாளிகளாகவே தோன்றாத சில பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இரத்தப் புற்றுநோய் என்றும், சிலருக்கு இன்னும் சில வாரமே ஆயுள் என்றும் அறிந்து திடுக்கிட்டார். 1985ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் வடகோடியிலிருந்து தென்மேற்குக் கோடிவரை, ஏறக்குறைய 900 மைல் நடந்து, அந்நோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டினார். அதன்பின் பல ஆண்டுகள் பல நடைகள். 2013ஆம் ஆண்டில் வேறு தரும காரியங்களுக்காக நம் இலங்கையிலும் 160 மைல் நடந்து சீனிகமவை அடைந்தார். குழந்தைகளுக்கு அதிகமாக வரும் இரத்தப் புற்றுநோயிலிருந்து அந்நாட்டில் இன்று பத்துக்கு ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். நடந்தவரால் மட்டும் அது நிகழவில்லை; ஆயினும் ஆராய்ச்சிக்குப் போன பணம் பெயர் தெரியாத ஆயிரம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

மற்றது இந்திய வீரர் கே. எல். ராகுல் செய்தது. 2022ஆம் ஆண்டில் பம்பாயில் ஒரு சிறுவனுக்கு, எலும்பு மச்சை குருதி அணுக்களை உண்டாக்காமல் நின்றுவிடும் அரிய நோய். மாற்றுச் சிகிச்சைக்கு முப்பத்தைந்து இலட்சம் இந்திய ரூபா தேவை. பெற்றோர் பொதுமக்களிடம் வேண்டினார்கள். ராகுல் முப்பத்தொரு இலட்சம் கொடுத்தார்; சிகிச்சை நடைபெற்றது. ஒரே கையெழுத்தில் ஓர் உயிர்! இதனைப் படித்தபோது நம் கண்கள் கசிந்தன என்பதை மறைக்கவில்லை. எனினும், அன்று இரவு ஒரு கேள்வி நம்மைத் தூங்கவிடவில்லை. அதே வைத்தியசாலையில், வீரரின் கண்ணிற் படாத அடுத்த கட்டிற் பிள்ளையின் கதி என்ன? அழகாகச் சிரிக்கும் குழந்தையின் படம் பரவுகிறது. சிரிக்கத் தெரியாத குழந்தையின் படம் பரவுவதில்லை. கொடையாளியின் பார்வை ஒரு கைவிளக்கு. எங்கே திரும்புகிறதோ அங்கே மட்டும் வெளிச்சம். கைவிளக்கை அணைத்துவிடச் சொல்லவில்லை. தெருவிளக்கும் வேண்டும் என்கிறோம்.

அந்தத் தெருவிளக்கு நம் நாட்டில் ஓரளவு இருக்கிறது. காரணி மருந்து நம் அரசாங்க வைத்தியசாலைகளிற் காசின்றிக் கிடைக்கிறது. அவ்வப்போது பற்றாக்குறை வந்தாலும், உலக ஈமோபீலியா சம்மேளனம் ஏழை நாடுகளுக்கு நன்கொடையாக மருந்து அனுப்புகிறது. தனி மனிதன் வாங்கிச் சமாளிக்கும் விலையன்று. 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, ஒன்பதாம் காரணிக்கான மரபணுச் சிகிச்சை ஒன்றின் விலை முப்பத்தைந்து இலட்சம் டொலர். எந்தக் கிரிக்கெட் வீரரின் பையும் அதற்குத் தாங்காது. சில காலமாகத் தோலின் கீழ் வாரத்துக்கொருமுறையோ மாதத்துக்கொருமுறையோ போடும் புதிய மருந்தும் வந்திருக்கிறது. அதனைப் பெற்ற பிள்ளைகளுக்கு ஒன்றுவிட்டொருநாள் நரம்பு தேடும் வேதனை நீங்கியது.

நம் மாவட்டத்தவர்க்கு உள்ள பெருங்குறை தூரம். சிறப்பு வைத்தியத்துக்குக் கொழும்பு போகவேண்டுமாயின் வீதிவழி சுமார் 260 கிலோமீற்றர். 2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்த தாய்மார், வீங்கிய காலுடன் அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, துறையிற் ‘பாதை’ வரும்வரை காத்திருந்தார்கள். மூட்டிற் கசிவு தொடங்கினால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து ஏறவேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். இரண்டு மணி நேரம் துறையிலேயே கழிந்துபோகும். இன்று பாலம் இருக்கிறது. ஆனால், முறிவு நெரிவு வைத்தியரிடம் முதலிற் போய் எண்ணெய் தடவி உருவிவிட்டு வருவோம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். சுளுக்குக்கும் முறிவுக்கும் அவர்கள் கைராசிக்காரர்களாய் இருக்கலாம். உள்ளே குருதி கசியும் மூட்டை உருவினால் கசிவு பெருகும். தயவுசெய்து வேண்டாம்.

தூரம் நமக்குப் பகை என்றால், கடல் நமக்கு உறவு. டோசெட்டின் பெற்றோர் குளிர்தேசத்தில், கட்டணம் கட்டி, கட்டிய குளத்தில் மகனை நீந்த விட்டிருப்பார்கள். நமக்கோ வாடைக்காற்று ஓய்ந்தபின் சித்திரை முதற்கொண்டு ஐந்தாறு மாதம் கிழக்குக் கடல் குளம்போற் கிடக்கிறது. டச்சுக்குடாவிலும் உப்புவெளியிலும் காலையில் இடுப்பளவு நீரிற் பிள்ளைகள் அளைகிறார்கள். கரைவலைக்காரரின் பிள்ளைகள் நடக்கப் பழகுமுன் நீந்தப் பழகுகிறார்கள். ஈமோபீலியா உள்ள பிள்ளையும் அங்கே இறங்கலாம். வைத்தியரைக் கேட்டு, மருந்து ஏற்றிய நாளாகப் பார்த்து, முருகைக்கல்லும் சிப்பியும் இல்லாத மணற்கரையாகத் தேர்ந்து, காலுக்கு ஒரு இறப்பர்ச் செருப்பு மாட்டி, நீந்தத் தெரிந்த மாமனோ சித்தப்பாவோ பக்கத்தில் நிற்க, இறங்கலாம். சைக்கிளும் அவ்வாறே. தலைக்கவசம் கட்டாயம், முழங்காலுக்கும் முழங்கைக்கும் உறை. மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்களே என்றால், கேலி செய்யும் பிள்ளைகளுக்கும் தலைக்கவசம் நல்லதே.

பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பத்துடன் முடிக்கிறோம். உங்கள் வகுப்பில் இப்படி ஒரு மாணவன் இருக்கிறான் என்று பெற்றோர் வந்து சொன்னால், அவனை விளையாட்டுப் பாடத்திலிருந்து நீக்கி நூல்நிலையத்தில் உட்கார வைக்காதீர்கள். எது ஆகும், எது ஆகாது என்று அவனுடைய வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். காலில் நோவு என்று அவன் சொன்னால், வீக்கம் தெரியவில்லை என்பதற்காகப் பொய் என்று எண்ணவேண்டாம். வீக்கம் தெரியுமுன் அவனுக்குத் தெரியும். அந்த மூட்டை அசையாமல் உயர்த்தி வைத்து, துணியிற் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் ஆளனுப்புங்கள். நோவுக்கு அஸ்பிரின் கொடுக்கலாகாது. அது குருதியை இன்னும் உறையவிடாது. பரசிற்றமோல் கொடுக்கலாம். தலையில் அடிபட்டால், அவன் சிரித்துக்கொண்டிருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நோயின் பெயரும் வகையும் மருந்தின் அளவும் எழுதிய சிறு அட்டை ஒன்று அவன் சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 17ஆம் திகதி உலக ஈமோபீலியா தினம். நம் பாடசாலைகளில் அப்போது பெரும்பாலும் புத்தாண்டு விடுமுறையாயிருக்கும். விடுமுறை முடிந்து திறக்கும் முதல் வாரத்தில், காலைக்கூட்டத்திற் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்க விரும்பும் அதிபர்கள் நமக்கு எழுதினால், மேலே கண்டவற்றை ஒரு பக்கத்தில் அச்சிட்டு அனுப்பிவைப்போம்.